ரவுட்டருக்கு மினி யூபிஎஸ்: செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு

ஜூனில் சாரல் பிடித்தால் குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும் தலைவலி. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் தென்னை மட்டையோ தேக்குக் கிளையோ கம்பியில் உரசும், கரண்ட் போகும், இரண்டு நிமிஷத்தில் வந்துவிடும். மின்விசிறிக்கு அது இரண்டு நிமிஷத் தடைதான். ஃபைபர் பெட்டிக்கு அப்படியில்லை. அது அணைந்து, எழுந்து, ஆபரேட்டரின் கருவியில் மறுபடி பதிவாகி, வைஃபை விட்டு, அலுவலகத்தோடு இணைக்கும் விபிஎன் ஒட்டுவதற்கு இன்னொரு மூன்று நான்கு நிமிஷம் ஆகும். ஒரு நாளில் இப்படி ஐந்து தடவை நடந்தால், மீட்டிங்கில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சுற்றும் வட்டத்தைத்தான் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்குகிறவர்கள் உண்டு. காசுக்குப் பிடித்த கேடு. மாதாமாதம் கூடுதலாகக் கட்டும் தொகையில் மூன்று நான்கு மாதத்தைச் சேர்த்தால் ஒரு மினி யூபிஎஸ், அதாவது கரண்ட் போனாலும் ஃபைபர் பெட்டியை ஓடவைக்கும் சின்ன பேட்டரிப் பெட்டி, வாங்கிவிடலாம். சுமாரானது 1,200 ரூபாய், நல்லது 2,000 முதல் 2,500 வரை. ஓக்டர், கியூசர், ரெசோனேட் என்று நம் நாட்டுப் பெயர்களே சந்தையில் நிறைய இருக்கின்றன. எந்தப் பெயரை வாங்குவது என்பதைவிட, பெட்டிமேல் எதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதே முக்கியம்.

முதலில், இது ஏன் வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். வீடுகளுக்கு வரும் ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் வகை. ஆபரேட்டரின் அறையில் ஓஎல்டி என்ற கருவி, உங்கள் வீட்டில் ஓஎன்டி என்ற பெட்டி, நடுவில் கண்ணாடி இழையும் ஒளியைப் பிரித்துவிடும் ஸ்பிளிட்டரும் மட்டும். ஸ்பிளிட்டருக்குக் கரண்ட் வேண்டாம். கம்பத்தில் தொங்கும் கறுப்பு டப்பா இருட்டிலும் தன் வேலையைப் பார்க்கும். ஆக, தெரு முழுக்கக் கரண்ட் இல்லாவிட்டாலும், ஆபரேட்டர் அறையில் பேட்டரியும் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட்டும் இருந்தால் இணைப்பு அறுகாது. செல்போன் டவரின் கதை வேறு. கரண்ட் போனதும் ஊரே மொபைல் டேட்டாவுக்குத் தாவும், நெரிசல் ஏறும், தடை நீண்டால் டவரின் பேட்டரியும் இறங்கத் தொடங்கும்.

ஆனால் சின்ன ஊர்களில் சில கேபிள்காரர்கள் கம்பத்திலேயே கரண்டில் ஓடும் ஒரு நோட் (இணைப்பைப் பிரித்தனுப்பும் கருவி) வைத்து, பக்கத்து வீட்டிலோ கடையிலோ கரண்ட் வாங்கி ஓட்டுவார்கள். அங்கே மினி யூபிஎஸ் வாங்கியும் பயனில்லை. வாங்குமுன் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இன்வெர்ட்டர் உள்ள அறையில் ஓஎன்டியை ஒரு நாள் செருகி வைத்து, கரண்ட் போகும்போது விளக்குகளைப் பாருங்கள். ஆபரேட்டரோடு இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் விளக்கு நிலையாகப் பச்சையில் இருந்து இணையமும் ஓடினால் கவலையில்லை. கரண்ட் போன நொடியிலேயே, ஒளி வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் வழியில் கரண்ட் தேவைப்படும் நோட் இருக்கிறது. பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடி அதன்பின் சிவப்பு வந்தால் ஆபரேட்டர் அறையின் பேட்டரி தள்ளாடுகிறது. கேபிள்கார அண்ணாச்சியிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள், தெருவில் நான்கு பேர் சேர்ந்து சொன்னால் மாற்றுவார். பச்சை எரிந்தும் எதுவும் திறக்காவிட்டால் பிரச்சினை அவருக்கும் மேலே. கரண்ட் இருக்கும்போதே எல்ஓஎஸ் சிவந்தால் அது யூபிஎஸ் சங்கதியே அல்ல. அணில் கடித்திருக்கும், அல்லது காற்றில் ஒயர் மரத்தில் உரசி இழை முறிந்திருக்கும்.

அவர் சரிசெய்ய வரும்போது, இழையில் வரும் ஒளியை அளக்கும் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை நல்ல அளவு. மைனஸ் 27 என்றால் விளிம்பில் நிற்கிறது, அடுத்த மழையில் விழும். இழையின் நுனியில் இருக்கும் பச்சை முனையும் நீல முனையும் ஒன்றோடொன்று பொருந்துவது போல இருக்கும். ஆனால் பச்சையின் முகம் சாய்வாகச் சீவப்பட்டது, நீலத்தில் அது தட்டை. மாற்றிச் செருகினால் ஒளி வீணாகும். அவசரத்தில் கையில் கிடைத்ததைச் செருகிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

இனி யூபிஎஸ் பெட்டி. அட்டையில் பெரிய எழுத்தில் 8,000 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். அந்த எண் 3.7 வோல்ட்டில் உள்ள செல்லுக்கு. உங்கள் ஓஎன்டி ஓடுவதோ 12 வோல்ட்டில். எனவே எம்ஏஎச்சை விட்டுவிட்டு வாட் அவரை (எத்தனை வாட்டை எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவை) கணக்கிடுங்கள். உள்ளே 18650 அளவுச் செல் நான்கு, ஒவ்வொன்றும் 2,000 எம்ஏஎச் என்றால் மொத்தம் 29.6 வாட் அவர். 12 வோல்ட்டுக்கு ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். 85 சதவீதம் மிஞ்சுகிறது என்று வைத்தால் 25. இரட்டை அலைவரிசை ஓஎன்டி ஒன்று சுமார் 8 வாட் இழுக்கும். 25-ஐ 8-ஆல் வகுத்தால் மூன்று மணி நேரம். மூன்று செல் பெட்டி என்றால் இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். அட்டையில் நான்கு மணி நேரம் என்று போட்டிருப்பதும் முழுப் பொய்யல்ல, 6 வாட் இழுக்கும் பழைய ஒற்றை அலைவரிசை ரவுட்டருக்கு அது கிடைக்கும். வாட் அவர் என்ற எண்ணையே அச்சிடாத பெட்டியைக் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்தது வெளிவரும் வோல்ட்டேஜ். மலிவான சில பெட்டிகளில் மூன்று செல்லை வரிசையாகக் கோத்து அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்கள். முழுதாக ஏறியிருக்கும்போது 12.6 வோல்ட், இறங்க இறங்க 9 வரை வரும். நடுவழியில், ஏறக்குறைய பத்தரை வோல்ட் பக்கம், பல ஓஎன்டிகள் தாமாகவே அணைந்து எழத் தொடங்கும். பேட்டரியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும், இணையம் இருக்காது. விளக்கத்தில் 12 வோல்ட் நிலையான வெளியீடு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வீட்டில் மல்ட்டிமீட்டர் இருந்தால், வாங்கிய முதல் வாரத்திலேயே ஓஎன்டியை மாட்டி ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓடவிட்டு, இரண்டாவது வெளியீட்டு முனையில் அளந்து பாருங்கள். 11.8 வோல்ட்டுக்குக் கீழே போனால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் திருப்பிவிடுங்கள்.

மாட்டும் இடத்தில் பெரும்பாலும் தவறுவது அடாப்டர் விஷயத்தில். மினி யூபிஎஸ்ஸுடன் தனி அடாப்டர் வராத வகைகளும் உண்டு. ஓஎன்டியின் பழைய அடாப்டரையே யூபிஎஸ்ஸில் செருகி, யூபிஎஸ்ஸிலிருந்து ஓஎன்டிக்கு ஒயர் கொடுக்க வேண்டும். அந்தப் பழைய அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்ப் என்றால் மாட்டிக்கொள்வீர்கள். ஓஎன்டிக்கு 0.7 ஆம்ப், காலியான பேட்டரியை ஏற்ற இன்னொரு 0.7 அல்லது 0.8. ஒன்றரை ஆம்ப் கேட்டால் ஒரு ஆம்ப் அடாப்டர் சூடேறும், வோல்ட்டேஜ் சரியும். கரண்ட் வந்த பிறகுதான் இணையம் விட்டுவிட்டு வருகிறது என்ற விசித்திரமான புகாருக்குக் காரணம் அநேகமாக இதுதான். 12 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டர் தனியாக 250, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். ஓஎன்டியோடு தனி ரவுட்டரும் வைத்திருந்தால் 3 ஆம்ப் வேண்டும்.

ஒயர் நுனியில் செருகும் பின்னிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெளிவிட்டம் பெரும்பாலானவற்றில் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5. ஓஎன்டியின் ஊசி மெல்லிய 2.1 ஆக இருக்க, 2.5 பின்னைச் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் தளர்ந்து நிற்கும். யாராவது மேசையைத் தட்டினால் இணையம் போகும். பழைய ரவுட்டர் சில 9 வோல்ட்டில் ஓடுபவை, அதே பின் அவற்றிலும் போகும். 12 கொடுத்தால் கதை முடிந்தது. பின்புறம் அச்சிட்ட வோல்ட்டையும், நடுவில் பிளஸ் என்ற குறியையும் படித்த பிறகே செருகுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் இது எதற்கு என்று கேட்கலாம். பல வீட்டுக்குத் தேவையில்லைதான். இன்வெர்ட்டரில் யூபிஎஸ், எக்கோ என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். எக்கோவில் இருந்தால் கரண்ட் போனதும் மாறுவதற்குச் சற்று நேரமெடுக்கும், டியூப்லைட் ஒரு முறை சிமிட்டும், ஓஎன்டி விழுந்துவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பத்து இருபது மில்லி விநாடியில் மாறும், ஓஎன்டிக்குத் தெரியவே தெரியாது. காசு செலவில்லாத மருந்து. ஆனால் யூபிஎஸ் முறையில் ஏறக்குறைய 180 வோல்ட்டுக்குக் கீழே வந்தாலே பேட்டரிக்குத் தாவிவிடும். பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கும் தோட்ட வீடுகளில் இது பேட்டரியைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இன்வெர்ட்டரை எக்கோவிலேயே விட்டு, ரவுட்டருக்கு மட்டும் மினி யூபிஎஸ் வைப்பது நல்லது.

பவர்பேங்க் வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு ஒரே வார்த்தை: சிரமம். யூஎஸ்பி பிடி என்ற வேகச் சார்ஜ் முறையில் 5, 9, 15, 20 வோல்ட்தான் வழக்கமான படிகள், 12 கட்டாயமில்லை. உங்கள் பவர்பேங்கில் அது இல்லாமலும் போகலாம். 5 வோல்ட்டை 12 ஆக்கும் ஸ்டெப்-அப் ஒயர் நூற்றைம்பது ரூபாய்க்குக் கிடைக்கும். புது ஓஎன்டி 5 கிகாஹெர்ட்ஸில் முழு மூச்சாக ஓடும்போது அது தாங்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜர் செருகும்போதும் பிடுங்கும்போதும் பல பவர்பேங்குகள் ஒரு கணம் வெளியீட்டை நிறுத்தும். நாம் தவிர்க்கப் பார்ப்பதே அந்த ஒரு கணத்தைத்தான்.

எல்லைப்புற வீடுகளில் மாற்று இணைப்பாக மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்புவதில் ஒரு தனிச் சிக்கல். தமிழ்நாடும் கேரளமும் தொலைத்தொடர்பில் இரண்டு வட்டங்கள். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல் பக்கம் போகப் போக, போன் இரண்டு மாநில டவருக்கும் இடையில் அல்லாடும். ரோமிங்குக்குக் காசு போவதில்லை என்பது சரி. ஆனால் வட்டம் மாறும்போது ஐபி முகவரி மாறி விபிஎன் அறுந்து, அலுவலக லாகின் மறுபடி ஓடிபி கேட்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து எடுத்துவிட்டு, சிக்னல் ஒரு கோடு குறைந்தாலும் பரவாயில்லை என்று ஒரே வட்டத்தில் பூட்டி வையுங்கள். வெளியூர் போகும்போது மறக்காமல் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் தென்மலை தாண்டியும் போன் ஊமையாக இருக்கும்.

கரண்ட் இல்லாத மூன்று மணி நேரத்தில் கணினிப் பக்கமும் கொஞ்சம் சிக்கனம் வேண்டும். ஹாட்ஸ்பாட்டுக்கு மாற நேர்ந்தால் கேமராவை அணையுங்கள். ஜூமில் ஆடியோவுக்கு மட்டும் 60 முதல் 80 கேபிபிஎஸ் போதும். இருவர் 720 தரத்தில் முகம் பார்த்துப் பேச 1.2 எம்பிபிஎஸ் வேண்டும். பதினைந்து மடங்குக்கும் மேல் வித்தியாசம். விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை மீட்டர்ட் இணைப்பு என்று குறித்து வைத்தால், முக்கியமான டெமோ நடுவில் அப்டேட் இறங்காது. சர்வரில் வேலை பார்ப்பவர்கள் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் சர்வரில் வேலையை ஓடவிடும் நிரல்) இல்லாமல் ஒரு மைக்ரேஷனை, அதாவது தரவை இடம் மாற்றும் நீண்ட வேலையை, தொடங்குவது துணிச்சல் அல்ல, அலட்சியம். இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டுவதில் வயர்கார்டு வகை விபிஎன் பழைய வகைகளைவிடக் கெட்டி, ஐபி மாறினாலும் தானாகத் தொடரும். எந்த விபிஎன் என்பதை முடிவு செய்கிறவர் குளிர்சாதன அறையில் இருப்பார் என்பது வேறு விஷயம்.

வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் திறக்காத நாள்களும் உண்டு. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் வர்ஜீனியா மையத்தில் டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் முகவரிகளைக் காட்டும் டிஎன்எஸ் குழம்பி, உலகத்தில் பாதி ஆப் படுத்துவிட்டது. அடுத்த மாதம் 18-ஆம் தேதி, பல இணையதளங்களுக்கு முன்னால் நின்று அவற்றைத் தாங்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் ஒரு கோப்பு அளவுக்கு மீறி வீங்கி இன்னொரு கூட்டத்தைச் சாய்த்தது. இரண்டு நாளும் கேபிள்காரர்களுக்குத்தான் திட்டு விழுந்திருக்கும். திட்டுவதற்கு முன் கூகுளின் 8.8.8.8 முகவரிக்கு ஒரு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். 1.1.1.1 வேண்டாம், அது கிளவுட்ஃப்ளேரின் முகவரி. படுத்திருப்பவரிடமே போய் நலமா என்று கேட்பதாகிவிடும். பதில் வந்தால் உங்கள் வீட்டு இணைப்பு நலம். டீ குடிக்கப் போகலாம்.

மின்தடைச் செய்தியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் பக்கம் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் துணைமின் நிலையம் வாரியாக நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும், காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2-க்கு, சில நாள் மாலைக்கு. மூன்று மணி நேரப் பெட்டி இதைத் தாங்காது. அன்றைக்கு முக்கியமான மீட்டிங்கைக் காலை பத்தரைக்குள் வைத்துக்கொண்டு, மதியத்துக்கு இணையம் தேவைப்படாத வேலையை ஒதுக்குவதே வழி. எதிர்பாராத தடைக்குத் தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம், 94987 94987. ஆரியங்காவுப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரள மின்வாரியம், 1912. அங்கே மழைக்கு முன் டச்சிங் வெட்டுகிறோம் என்று கிளை கழிக்கும் நாள்களில் பகலெல்லாம் போகும், அதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை எங்கே வைப்பது? ஓஎன்டியின் தலைமேல் வைக்கக் கூடாது. இரண்டும் சூடாகும், லித்தியம் செல்லுக்குச் சூடு எமன். எந்நேரமும் முழுச் சார்ஜில் நிற்பதால் அது எப்படியும் மெல்லத் தேயும், கூடவே ஓட்டுவீட்டு ஏப்ரல் வெயிலும் சேர்ந்தால் இரண்டு வருஷத்தில் மூன்று மணி நேரம் ஒன்றரை ஆகிவிடும். சுவரில் ஒரு சாண் தள்ளி, காற்றுப்படும்படி மாட்டுங்கள். ஐப்பசி இடிக்கு இது காப்பு ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும். கண்ணாடி இழையில் மின்னல் ஓடாவிட்டாலும், அதைத் தாங்கும் இரும்புக் கம்பி ஒயரோடு வரும், மாடிக்குப் போகும் லேன் கேபிளும் இருக்கிறது. இடி நெருங்கினால் அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள், லேன் கேபிளையும் கழற்றுங்கள். மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். 8 வாட் ஓஎன்டி இரவுபகலாக ஓடினாலும் மாதத்துக்கு 6 யூனிட்டுக்குள்தான், யூபிஎஸ் அதில் கூட்டுவது கொஞ்சம்.

மாதம் ஒரு முறை அடாப்டரைப் பிடுங்கி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று குறித்து வாருங்கள். புதிதில் ஓடியதில் பாதிக்கு வந்துவிட்டால் செல் மாற்றும் காலம். தென்காசியில் மொபைல் சர்வீஸ் கடைகளில் கேட்டால் செய்து தருவார்கள். ஒரு செல் 150 முதல் 250 ரூபாய், நான்கும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும், பழசும் புதுசும் கலக்கக் கூடாது. செல்லின் உறையில் ஐஎஸ் 16046 முத்திரையும் ஆர் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். 18650 அளவில் 9,800 எம்ஏஎச் என்று அச்சிட்டது கிடைத்தால் அது போலி, அந்த அளவில் 3,500-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. சால்டரிங் அயர்னைச் செல்லின் முனையில் வைக்கும் கடையாக இருந்தால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுபவரிடம்தான் கொடுக்க வேண்டும். கழற்றிய செல்லின் முனைகளில் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.